தேரி மணலின் வெள்ளெலி

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் துறைமுகமுமே நம் நினைவில் எழும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. துறைமுகம் வளர்ந்து நிற்கிறது. கழுகுமலையில் அருகன் திருவுருவங்களைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர், அங்கிருந்து தென்கிழக்கே திருச்செந்தூர்ப் பக்கம் போவாராயின் முற்றிலும் வேறான ஒரு நிலத்தைக் காண்பர். சாத்தான்குளம், குதிரைமொழி ஆகிய ஊர்ப்புறங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்பர். பனையும் உடைமரமும் அன்றி நிழல் அரிது. நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. இத்தகைய மணற்பாங்கிலும் இதனை அடுத்த மானாவாரிப் புன்செய்களிலும் வளை தோண்டி வாழும் வெள்ளெலியைப் பற்றி இவ்விதழில் பயில்வோம்.

வெள்ளெலியின் முதுகு மணல் நிறம். வயிறு தூய வெண்மை. தலையும் உடலும் சேர்ந்து 15 முதல் 20 செ.மீ. நீளமிருக்கும். வால் அதனினும் நீண்டது. நுனியில் கருமயிர்க் குஞ்சம் உடையது. பின்னங்கால்கள் நீண்டிருப்பதால் அஞ்சியபோது மான்போல் தாவி ஓடும். ஹார்ட்விக் என்பார் இதனை 1807-இல் அறிவியல் நூலில் பதிவு செய்தார். நம் புலவரோ பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வைத்தனர். அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்று, செம்பரல் மேட்டில் ஆண் வெள்ளெலி கிளறிச் சிதறிய புழுதியையும் அதன்மேல் உதிர்ந்த வேங்கைப் பூவையும் காட்டுகிறது. சமணர் இயற்றிய எலிவிருத்தம் என்னும் நூல் இருந்ததைத் திருஞானசம்பந்தர் தேவாரக் குறிப்பால் அறிகிறோம். நரிவிருத்தம் நமக்குக் கிடைத்தது. எலிவிருத்தம் கிடைக்காமற் போனது நம் குறையே.

இதன் வளையை வெறும் துளை என்று எண்ணலாகாது. பல வாயில்கள், கிளை வழிகள், புல் பரப்பிய உறங்கும் அறை என அமைந்த இல்லம் அது. சில வழிகள் தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே வந்து, மெல்லிய மண் மூடியுடன் நின்றுவிடும். மேலே நிற்பவருக்கு அவ்விடத்தில் வழி இருப்பதே தெரியாது. பாம்பு வாயிலில் நுழைந்தால், எலி அம்மண்ணை முட்டி உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடும். மேலே மணல் கொதிக்கும்போது உள்ளே குளிர்ச்சியும் ஈரப்பதமும் நிலவும். பகலெல்லாம் அங்கே கிடந்து இரவில் விதை, புல், வேர், கிழங்கு தேடி வெளிவரும். சிற்றுயிர்ப் பூச்சிகளையும் உண்பதுண்டு. உணவிலுள்ள நீரைக் கொண்டே நெடுநாள் தாங்க வல்லது. ஏறத்தாழ நான்கு வாரம் கருவைச் சுமந்து, கண் திறவாத குட்டிகளை அவ்வறையில் ஈனும்.

நம் ஆகம முறைப்படி இது திரியக் கதியில் பிறந்த ஐம்பொறி உயிர், கருவில் தோன்றியது, மனமும் உடையது. வந்தவாசி, செஞ்சிப் பக்கங்களில் நிலக்கடலை பயிரிடும் நம் குடும்பங்களுக்கோ இது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. வெள்ளெலி கடலைச் செடியைத் தோண்டும். உழவன் என் செய்வான்?

இல்லறத்தாரின் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்து, சங்கற்ப இம்சையை அறவே விலக்குமாறு ஆன்றோர் பணித்தனர். உழும்போது நேர்வது உத்தியோக இம்சை. நச்சுத் தானியம் வைப்பதைச் சிலர் தற்காப்பாகிய விரோதத்தில் அடக்குவர். அஃது எனக்கு உடன்பாடன்று. கொல்லும் எண்ணத்தோடு கலந்து, கொல்லும் இடம் தேர்ந்து வைப்பது சங்கற்பத்தின் பாற்படும். தாய் வெளியே மடிய, உள்ளே குட்டிகள் பட்டினியால் சாகும். புறாவும் மயிலும் அத்தானியத்தைப் பொறுக்கும். அண்டை வயலார் கேட்டார் என்று நஞ்சை எடுத்துக் கொடுப்பதையும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இம்சாதானம் எனப் பெயரிட்டு விலக்குகிறது.

செய்யத்தக்கது உண்டு. அகன்று உயர்ந்த வரப்பும், புதர் மண்டிய மேடும் எலிக்கு உகந்த இடங்கள். வரப்பைக் குறுக்கிப் புல்லைச் செதுக்கிவிட்டால் குடியேறுதல் குறையும். அண்டை நிலத்தாரும் ஒருசேரச் செய்தாலன்றிப் பயன் சிறிதே. அறுவடைக்குப்பின் சிந்திய கடலையைப் பொறுக்குதல், விதையைத் தகரப் பெட்டியில் வைத்தல், களஞ்சியத்தைத் தரையினின்று உயர்த்துதல் ஆகியவை நம் முன்னோர் அறிந்தவையே. கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவோர், பிடித்த அன்றே விடுதல் வேண்டும். கட்டி வைத்தலும் உணவை மறுத்தலும் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களுள் அடங்கும். ஆந்தை அமர வயலில் கோல் நடுமாறு வேளாண் துறையினர் கூறுவர். ஆந்தை உண்பது அதன் இயல்பு. அதனை உண்ணச் செய்யக் கோல் நடுவது நம் கருத்தன்றோ என்னும் ஐயத்தை முனிவர் பெருமக்களிடம் கேட்டுத் தெளிதல் நலம்.