கன்சைனி யார், மருமகனே?



தெற்கு சூடானில் உங்கள் மலக்கால் முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது அனுப்பலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டாயாம். திருவொற்றியூரில் உங்கள் தெருவே கிளம்பிவிட்டது. பழைய துணி மூட்டை, கை ஒடிந்த பொம்மை, பாதி எழுதிய நோட்டு எல்லாம் உன் அம்மா வீட்டில் வந்து விழுகின்றன. முதலில் அதை நிறுத்தச் சொல். ஐ.நா. படையில் வெளியே போயிருக்கும் உன்னைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். எங்கள் தொழிலில் முதல் கேள்வி, கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், யார் என்பதுதான். போய் இறங்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், எவ்வளவு புண்ணியமான சரக்கும் குடோனில்தான் கிடக்கும்.

வணங்காமண் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 2009-ல் ஐரோப்பாவில் இருக்கும் ஈழத்தமிழர்கள் உணவும் மருந்துமாக 884 டன் சேர்த்து, 'கேப்டன் அலி' என்ற கப்பலில் வன்னி மக்களுக்கு அனுப்பினார்கள். அது இலங்கைக் கடலுக்கு வந்து சேர்ந்தபோது போரே முடிந்திருந்தது. ஜூன் மாதம் இலங்கைக் கடற்படை மறித்து, சோதனை போட்டு, இறக்கவிடாமல் திருப்பி அனுப்பியது. கப்பல் நம் சென்னைக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டு நின்றது. டெல்லியும் கொழும்பும் பேசி முடித்த பிறகு சரக்கை இங்கே இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி, ஜூலையில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேயாவது உடனே போய்ச் சேர்ந்ததா? துறைமுகக் கட்டணம், வரி, அதை யார் கட்டுவது என்று இழுத்தடித்து மாதக்கணக்கில் கிடந்தது. யாருக்காகச் சேர்த்தார்களோ அவர்கள் அப்போது முள்வேலி முகாமுக்குள் இருந்தார்கள். சேர்த்து அனுப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் இறக்கும் இடத்தில் ஆள் பலம் இல்லாத சரக்கு என்ன பாடுபடும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எங்கள் துறைமுகம் பார்த்ததில்லை.

அதே துறைமுகத்திலிருந்து 2022 மே 18 அன்று தமிழ்நாடு அரசு இலங்கைக்கு ஒரு கப்பல் அனுப்பியது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. நாலே நாளில் கொழும்பில் ஒப்படைத்தாகிவிட்டது. அது அரசாங்க விவகாரம், நமக்கு அந்த வசதி ஏது என்பாய். சரிதான். ஆனால் லிஸ்டைப் பார். மூன்றே வகைப் பொருள். அங்கே எது இல்லையோ அது மட்டும்.

உன் மலக்காலுக்குக் கடலே கிடையாது. கப்பல் சரக்கு கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி, உகாண்டா வழியாக லாரியில் ஜூபா போய், அங்கிருந்து வெள்ளை நைல் ஆற்றில் பார்ஜிலோ விமானத்திலோ வர வேண்டும். மழைக்காலத்தில் மலக்கால் பக்கத்துக் களிமண் ரோட்டில் லாரி சக்கரம் புதைந்தால் எழும்பாது. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் நிற்கும் வரிசையைப் பார்த்துப் பொறுமை இழப்பவன் நீ. பத்து ரூபாய் பொம்மைக்கு நூறு ரூபாய் வண்டிச் சத்தம் கொடுப்பது தர்மம் ஆகாது. ஜூபாவிலேயே கிடைக்கும் பொருளென்றால் அங்கேயே வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆகவே, உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஊர் மக்கள் தொடர்பைப் பார்க்கும் அதிகாரி வழியாக அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார். அவர்தான் உன் கன்சைனி. அவரிடம் போய், என்ன வேண்டும் என்று மொட்டையாகக் கேட்காதே. மரியாதைக்கு எதுவானாலும் சரி என்றுதான் சொல்வார். போன பருவத்தில் முதலில் எது தீர்ந்துபோனது என்று கேள்.

நோட்டுப் புத்தகம் என்று சொன்னால், வசூலான பணத்தில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் புதிதாக மொத்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பேக்கிங்கை என்னிடம் விடு. ஒரு பெட்டிக்கு ஒரு வகுப்பு. உள்ளே சுற்றிலும் பாலிதீன் ஷீட், வெளியே நைலான் பட்டை. ஒரு ஆள் தனியாகத் தூக்கும் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஆற்றங்கரையில் கிரேன் நிற்காது. பேனா வேண்டாம், வெயிலில் கசிந்து நோட்டையும் நாசம் பண்ணும்; பென்சில், ரப்பர், துருவி போதும். பேக்கிங் லிஸ்டில் ஒவ்வொரு பொருளும் எண்ணிக்கையோடு வர வேண்டும். 'இதர பொருட்கள்' என்று ஒரு வரி எழுதிப் பார், எந்த நாட்டுச் சுங்க அதிகாரியும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் கிழிப்பார்.

பழைய துணி கூடவே கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உடுத்திக் கழித்த துணி சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. படகையும் வலையையும் இழந்த மீனவப் பெண்கள் அதைத் தொடக்கூட இல்லை. காசிமேட்டுப் பெண்கள் தொடுவார்களா? உன் அம்மா தொடுவாளா?

பெட்டி வந்து சேர்ந்த பிறகு நீ கொடுக்காதே, டீச்சர் கொடுக்கட்டும். சீருடையும் துப்பாக்கியும் உள்ளவன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால், அது பிள்ளையின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். உதவிப் பணியாளர்களும் படைக்காரர்களும் உதவிப் பொருளைக் காட்டிப் பெண்களிடமும் சிறுமிகளிடமும் நடந்துகொண்ட கேவலத்தால்தான் 2003-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் கடுமையான உத்தரவே போட வேண்டி வந்தது. நீ இருக்கும் ஊரில் இன்னொன்றும் உண்டு. 2016 பிப்ரவரியில் மலக்கால் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள்ளேயே இனச் சண்டை வெடித்து உயிர்கள் போயின. ஷில்லுக் இனப் பிள்ளைக்குக் கொடுத்து நுயர் பிள்ளையையோ டிங்கா பிள்ளையையோ விட்டால், அது வெறும் பென்சிலோடு போகாது. போட்டோவும் வேண்டாம். தெருக்காரர்களுக்குக் கணக்குக் காட்ட, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ரசீது போதும்.

உன் பட்டாளத்து ஆள் ஒருவரை ஞாபகம் வைத்துக்கொள். டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ், நம் ஆற்காட்டுக்காரர். 1950 நவம்பரில் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸைக் கொரியப் போருக்குக் கூட்டிப்போனவர். ஐ.நா. படைகள் பின்வாங்கும் நேரத்தில் வண்டி கிடைக்காமல், ஒரு பழைய ரயில் எஞ்சினுக்குப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்து மருத்துவச் சாமானைக் காப்பாற்றினார்கள். அந்த யூனிட்டில் ஒரு பிரிவு டேகு நகரத்தில் ஊர் ஜனங்களுக்கே வைத்தியம் பார்த்தது. நீயும் நர்சிங் அசிஸ்டண்ட். அனுமதி வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு நாள் அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் சிரங்கையும் பார். நாங்கள் அனுப்பும் எந்தப் பெட்டியும் அதற்கு அப்புறம்தான்.

மழைக்கு முன்னால் சரக்கு வந்து சேர வேண்டுமானால் லிஸ்ட் எனக்குச் சீக்கிரம் வர வேண்டும். வகுப்புவாரியாக எண்ணிக்கை எழுது, ஆண் பெண் தனித்தனியாக. பெரிய பெண் பிள்ளைகள் இருந்தால் நாப்கின் எத்தனை வேண்டும் என்பதை டீச்சரம்மாவிடம் கேட்டு எழுது. ஆம்பளைகள் போடும் லிஸ்டில் அது எப்போதும் விட்டுப்போகும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா,
ராயபுரம்