அம்மா முகம் கண்ணுக்குள் வரவில்லை

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 41. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்த அன்று ராத்திரி அக்காவும் நானும் பேசிக்கொண்டு படுத்திருந்தோம். "கண்ணை மூடினா அம்மா அந்த மஞ்சள் புடவையோட அப்படியே வந்து நிக்கிறாங்கடி" என்று அழுதாள். நானும் கண்ணை மூடினேன். இருட்டுதான். "உனக்கு நிஜமாவே தெரியுதாக்கா?" என்று கேட்டேன். "பெத்த தாயி முகங்கூடவாடி உனக்கு ஞாபகம் இல்லை?" என்றாள். அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு எப்போதுமே அப்படித்தான். தியான வகுப்பில் கண்ணை மூடி விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் தெரிந்தது என்றார்கள், நானும் தெரிந்தது என்று பொய் சொன்னேன். அம்மாவுக்குக் கடைசி வரை நான்தான் ஜாக்கெட் தைத்தேன். மார்பு 36, தோள் 13½, வலது தோள் மட்டும் அரை இஞ்ச் இறக்கம். இந்த அளவெல்லாம் மனப்பாடம். முகம்தான் வரவில்லை. எனக்கு அம்மா மேல் பாசம் இல்லையா? மூளையில் ஏதாவது கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாசத்தில் குறையில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூளையில் கோளாறும் இல்லை. மனதுக்குள் படம் வராமலே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, நன்றாக வாழ்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நூறு பேரில் ஒருவருக்குச் சுத்தமாகப் படம் வராது. மிக மங்கலாக வருகிறவர்களையும் சேர்த்தால் நான்கு பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு டவுன் பஸ் நிறைய ஆள் ஏறினால் அதில் உங்களைப் போல ஒருவராவது இருக்கக்கூடும். அவருக்கும் அது தெரியாமலே இருக்கலாம்.

41 வருஷம் இது எப்படித் தெரியாமல் போனது? நம் பேச்சே ஒரு காரணம். 'நினைத்துப் பார்' என்கிறோம். 'சாப்பிட்டுப் பார்', 'கேட்டுப் பார்' என்றும் சொல்கிறோம். சாப்பிட்டுப் பார்ப்பதில் கண்ணுக்கு வேலையில்லை. அதே மாதிரிதான் 'நினைத்துப் பார்' என்பதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் அக்காவோ சின்ன வயதிலிருந்து நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'கண்ணுக்குள்ளேயே நிக்குது' என்று யாராவது சொன்னால் உங்களுக்கு அது ஒரு பேச்சு வழக்கு, அவருக்கு நடக்கிற சங்கதி. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி வளர்ந்ததால் வித்தியாசம் வெளியே வரவே இல்லை.

இதே குழப்பம் பெரிய அறிவாளிகளுக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி, அன்று காலை தாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையை மனதில் கொண்டுவரும்படி பலரிடம் கேட்டார். வெளிச்சம் எப்படி இருக்கிறது, நிறங்கள் தெரிகிறதா என்று கேள்வி எழுதி அனுப்பினார். 1880-ல் அதை வெளியிட்டபோது அவரே ஆச்சரியப்பட்ட விஷயம், அவர் கேட்ட விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் 'மனக்கண் என்பதெல்லாம் சும்மா சொல்வதுதானே' என்கிற மாதிரி பதில் எழுதியிருந்ததுதான்.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் இதை அதிகம் பேர் தொடவில்லை. 2010-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர், இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை எடுத்த பிறகு மனப்படம் முழுவதும் மறைந்துபோன ஒரு 65 வயதுக்காரரைப் பற்றி எழுதினார். அந்தச் செய்தி ஒரு அறிவியல் பத்திரிகையில் வந்ததும், 'எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்' என்று ஒவ்வொருவராக அவருக்கு எழுத ஆரம்பித்தார்கள். அப்படி 21 பேரை வைத்து 2015-ல் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த 21 பேர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது பாசத்துக்கு வருகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள், 2021-ல் வெளியானது. இருட்டு அறையில் உட்கார வைத்து, கடலில் நீந்தும்போது சுறா துரத்துவது போன்ற பயங்கரமான கதைகளைத் திரையில் எழுத்தாகப் படிக்கக் கொடுத்தார்கள். விரல் தோலில் ஊறும் வியர்வையை ஒரு கருவி அளந்துகொண்டே இருந்தது. பயந்தால் வியர்வை கூடும். மனப்படம் வருகிறவர்களுக்குக் கதை போகப் போக ஏறியது. வராதவர்களுக்கு அசையவே இல்லை. இவர்களுக்கு உணர்ச்சியே கிடையாதோ என்று தோன்றும். ஆனால் அதே ஆட்களிடம் பயங்கரமான படங்களைக் காட்டியபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்த்தது. பயம் அவர்களிடமும் முழுசாக இருந்தது. கண்ணை மூடி அதை எழுப்புகிற வழி ஒன்றுதான் அவர்களிடம் இல்லை.

அன்று ராத்திரி உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அக்காவுக்குக் கண்ணை மூடினால் அழுகை வரும். அம்மாவின் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் புடவையைக் கையில் எடுத்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். போட்டோவில் அம்மா முகம் உங்களுக்குத் தெரியாமலா போகிறது? ஒரு நொடியில் தெரியும். அப்படியென்றால் அந்த முகம் உங்களிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது.

என் தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு மனதில் படம் நன்றாக வரும். அதனால் பதற்றத்தோடு வருகிறவர்களிடம் 'கண்ணை மூடி அமைதியான கடற்கரையை நினையுங்கள்' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் மூன்று முறை வந்தார், பலனில்லை. மனசு வைத்துச் செய்யவில்லை என்று என் குறிப்பில் எழுதினேன். நான்காம் முறை வந்து, "சார், கோவிச்சுக்காதீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல, இருட்டாத்தான் இருக்கு" என்றார். மூன்று வாரம் அவரை நான் வீணாகக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அதன்பிறகு யாரிடமும் முதலில் கேட்காமல் கடற்கரைக்குக் கூப்பிடுவதில்லை.

எப்படிக் கேட்பேன் என்றால், 'ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருகிறாள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, 'குடம் என்ன நிறம்?' என்பேன். படம் வருகிறவர் 'பச்சை பிளாஸ்டிக் குடம், மூடி இல்லை' என்பார், நான் சொல்லாததைக்கூட. வராதவர் 'நிறம் நீங்க சொல்லலையே' என்பார். இதை அக்காவிடம் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளிடமும் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர், பிள்ளைகளில் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். பள்ளிக்கூடத்தில் 'கற்பனை செய்து எழுது' என்றால் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், திட்டுவதற்கு முன் குடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

படம் வராமல் எப்படித் தையல் வருகிறது என்று உங்களுக்கே ஒரு சந்தேகம் வரலாம். துணியில் சாக்பீஸால் கோடு போடப் போடத்தான் ஜாக்கெட் உங்களுக்கு உருவாகிறது, இல்லையா? லிட்டில் மெர்மெய்ட் கார்ட்டூன் படத்தின் நாயகி ஏரியலை வரைந்த க்ளென் கீனுக்கும் மனப்படம் கிடையாது. காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கித்தான் உருவத்தைக் கண்டெடுப்பார். பிக்ஸார் என்ற கார்ட்டூன் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லும் உங்கள் கூட்டம்தான். பார்த்த அறையை நினைவிலிருந்து வரையச் சொன்ன ஓர் ஆய்வில், மனப்படம் இல்லாதவர்கள் குறைவான பொருள்களையே வரைந்தார்கள். ஆனால் எது எங்கே இருந்தது என்பதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை, இல்லாத பொருளை இருந்ததாக வரைவதும் அவர்களிடம் குறைவு. இடமும் அளவும் வேறு ஒரு வழியில் மூளையில் தங்குகின்றன. வெட்டுத் துணியோடு வாழ்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம், முன்பு நன்றாக வந்துகொண்டிருந்த படம் திடீரென்று நின்றுபோனால். தலையில் அடி, பக்கவாதம், கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றால் அப்படி ஆகலாம். உங்களுக்கு அது இல்லை. மூன்றாம் கண்ணைத் திறந்துவிடுகிறோம் என்று பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தியானத்தில் விளக்கு வேண்டாம். மூச்சை எண்ணுங்கள், அல்லது ஒரு நாமத்தைச் சொல்லுங்கள். இனி பொய் சொல்லவும் வேண்டாம்.

அம்மாவின் போட்டோக்களைப் பெட்டிக்குள் வைக்காமல் மெஷினுக்கு நேரே சுவரில் மாட்டுங்கள். போனில் அம்மா பேசியது ஏதாவது பதிவாகியிருந்தால் இன்றைக்கே வேறு ஓர் இடத்திலும் சேமித்து வையுங்கள். அக்காவுக்கு இவை இல்லாமலும் ஓடும், உங்களுக்கு இவை அவசியம்.

இன்னொன்று. வலது தோள் அரை இஞ்ச் இறக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் இறங்கியது என்று எழுதவில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எத்தனை வருஷம் எந்தப் பக்கம் எதைச் சுமந்தார்கள், எந்த வயதில் நீங்கள் முதலில் அந்த அளவை மாற்றி வெட்டினீர்கள் என்பதெல்லாம். அடுத்த முறை அக்கா ஊருக்கு வரும்போது அளவு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, அந்தத் தோளைப் பற்றிச் சொல்லுங்கள். மஞ்சள் புடவையைப் பார்க்கிற அக்காவுக்கு அது தெரிந்திருக்குமா என்று கேளுங்கள்.