இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்

சிலிபினில் இருக்கும் மூத்தவர்களில் பலர் ஒரு காலத்தில் தோட்டத்தில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள். பட்டையை மெல்லியதாகச் சீவினால் சில ஆண்டுகளில் அந்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மூடும், மறுபடியும் அங்கே வெட்டலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அங்கே வெட்டுவது சிரமம். கிராணி கண்ணில் பட்டால் ஏச்சும் கிடைக்கும்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய அடுக்காக உயிரணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் புதுப்பட்டை உண்டாகிறது. கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அது நிற்பதும் இந்த வேலை ஒழுங்காக நடப்பதால்தான்.

நம் வாய்க்குள்ளும் இதே வேலை நடக்கிறது. உண்ணும்போதும் பேசும்போதும் கன்னத்தின் உட்தோல் தேய்ந்து உதிர்கிறது. அடியில் உள்ள உயிரணுக்கள் பிரிந்து புதியவற்றை மேலே அனுப்புகின்றன. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்தில் உட்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்ட புண்ணும் பல்செட் உரசிய புண்ணும் சீக்கிரம் ஆறுவதற்குக் காரணம் இதுதான். "புண் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதா?" என்று மருத்துவர் முதலில் கேட்பதும் இதனால்தான்.

உயிரணு நினைத்த நேரத்தில் பிரிந்துவிட முடியாது. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்காமல் யாரும் வேலைக்காட்டுக்குப் போனதில்லை அல்லவா? உயிரணுவுக்கும் அப்படிப் பெரட்டு உண்டு, அதுவும் ஒரு தடவை அல்ல. முதலில், புதிய உயிரணு இப்போது தேவையா, உள்ளே பழுது ஏதும் இருக்கிறதா என்று பார்க்கப்படும். அதன் பிறகுதான் 46 குரோமோசோம்களும் நகல் எடுக்கப்படும். நகல் முழுமையாக, பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்பது அடுத்த சோதனை. கடைசியில், இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகப் போகும்படி அவை இழைகளில் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே உயிரணு இரண்டாகும்.

வேலையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் புரதங்களில் ஒன்றின் பெயர் சைக்ளின். ஒவ்வொரு சுற்றிலும் அது கூடிப் பிறகு குறையும். முள் பந்து போன்ற ஒரு கடல் உயிரியின் முட்டையில் டிம் ஹண்ட் 1982-ல் இதைக் கண்டறிந்தார். ஈஸ்டை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோரோடு 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்கும் மனிதனுக்கும் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான் என்பது வியப்பான செய்தி. பழுது தெரிந்தால் வேலையை நிறுத்துவது பி53 என்ற இன்னொரு புரதம். சரிசெய்ய முடியாத பழுதாக இருந்தால் அந்த உயிரணுவைச் சாகவிடுவதும் அதுதான். கண்டிப்பான கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெற்றிலைப் பாக்குக்கு வருவோம். தாம்பூலத் தட்டில் வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. வாயில் அடக்கி வைப்பதுதான் கவலை. சுண்ணாம்பு உட்தோலை அரிக்கிறது. புண்ணை ஆற்ற உயிரணுக்கள் ஓயாமல் பிரிகின்றன. அதே நேரத்தில் பாக்கிலும் புகையிலையிலும் உள்ள நச்சுகள் நகலில் பிழைகளை உண்டாக்குகின்றன. முப்பது நாற்பது ஆண்டுகள் இப்படிப் போனால் ஒருநாள் அந்தப் பிழை பி53-ஐ உண்டாக்கும் மரபணுவிலேயே விழலாம். அதன் பிறகு கேட்பாரில்லை. பழுதான உயிரணு தன்போக்கில் பெருகும். அதுதான் புற்றுநோய்.

"நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்று பலர் சொல்வார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதிலும் பெண்களிடம். பாட்டிமார்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் இது பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து. மாதம் ஒரு முறை பல்செட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். இரண்டு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கைத் தூக்கி அதன் அடிப்பகுதி. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு, காரணமில்லாமல் இரத்தம் கசிவது, முன்போல வாயை அகலத் திறக்க முடியாமல் இறுகுவது, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போங்கள். பல்லே இல்லாதவரும் போகலாம். அங்கே பார்ப்பது பல்லை மட்டும் அல்ல. தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் உள்ள வாய் அறுவை நிபுணர்களிடம் அனுப்பிவைப்பார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தில் சோதனைக்கே போகாதவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. காலம் கடத்தினால்தான் பரவும். திட்டாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிகிச்சையும் சிறிது. பாக்கை நிறுத்தினால் சில திட்டுகள் குறைவதும் உண்டு. ஆனால் அப்படிக் குறைகிறதா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நித்தியகல்யாணியைப் பற்றி. பல வீட்டு வாசலில் பூத்திருக்கும் அதே செடிதான். 1950-களில் கனடாவில் அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சில வகைப் புற்றுநோய்களுக்கு அதை மிகச் சிறிய அளவில், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, ஊசியாகப் போடுவார்கள். அளவு தவறினால் நல்ல உயிரணுக்களும் சாகும். ஆகவே இலையைப் பறித்து அரைத்துக் குடிக்காதீர்கள். ஏற்கனவே குடித்து வருபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.