தொப்பி கழற்றிய ஆறு எழுத்துகள்

மாணவர்களே, வார்சாவில் கண் மருத்துவராக இருந்த சாமன்ஹோஃப் 1887இல் வெளியிட்ட செயற்கை மொழி எஸ்பெராந்தோ. அதற்கு 28 எழுத்துகள். அவற்றில் 22 எழுத்துகள் ஆங்கிலத்திலும் உள்ளவை. மற்ற ஆறும் தொப்பி அணிந்தவை: சி, ஜி, எச், ஜே, எஸ் ஆகியவற்றின் தலையில் கூரை போன்ற குறி, யூவின் தலையில் சிறு கிண்ணம். தொப்பி அழகுக்காக அன்று. வெறும் எஸ் 'ஸ' என்று ஒலிக்கும். தொப்பி போட்டால் 'ஷ'.

பழைய கணினிகளில் இவற்றுக்கு இடமே இல்லை. ஆஸ்கி குறியீடு ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட் தருகிறது. 2இன் 7ஆம் அடுக்கு 128. அதில் 33 கட்டளைக் குறிகள் போக மிஞ்சுவது 95. ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், இடைவெளி ஆகியவற்றுக்கே அது சரியாகப் போய்விடுகிறது.

அச்சகத்தில் தொப்பி எழுத்து இல்லாவிட்டால் பக்கத்தில் ஓர் எச் சேருங்கள், யூவை அப்படியே விடுங்கள் என்று சாமன்ஹோஃப் முன்பே வழி சொல்லியிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், எச் அந்த மொழியின் சொந்த எழுத்து! விமான நிலையத்திற்கான சொல்லைப் பாருங்கள். 'ஃப்லுக்' என்றால் பறத்தல். 'ஹவேனோ' என்றால் துறைமுகம். முதல் சொல் ஜியில் முடிகிறது, அடுத்தது எச்சில் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்ததும் கணினி அதைத் தொப்பி போட்ட ஜி என்று எண்ணி, 'ஃப்லுஜவேனோ' என மாற்றிவிடும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. யூவின் நிலை இன்னும் மோசம். அதற்குத் தொப்பி இருந்ததா இல்லையா என்ற தகவலே அழிந்துவிட்டது.

பிறகு வந்த வழி எக்ஸ். எஸ்பெராந்தோவில் கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் நான்கும் இல்லை. ஆகவே எஸ்ஸுக்குப் பின் எக்ஸ் வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: தொப்பி. பார்வைக்கு விகாரம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ இதுதான் நேர்மையான வழியாகத் தெரிகிறது. மாற்றியதை எந்த இழப்பும் இல்லாமல் திரும்ப மாற்றலாம்.

ஒரே தொல்லை வெளிமொழிப் பெயர்கள். பிரான்ஸின் போர்டோ நகரப் பெயர் யூ, எக்ஸ் என்று முடியும். கணினி உடனே யூவுக்குத் தொப்பி மாட்டிவிடும். எஸ்பெராந்தோ விக்கிப்பீடியாவில் இதற்காக எக்ஸை இருமுறை தட்டினார்கள்.

நம் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைப்பலகையிலும் இதே உத்தி உண்டு. தமிழுக்குத் தேவைப்படாத ஆங்கில இஸட் அங்கே 'ழ்' தருகிறது. சிறிய எல் 'ல்', பெரிய எல் 'ள்'.

சோதித்துப் பாருங்கள். 'பலம்', 'பழம்' இரண்டையும் நீங்கள் வழக்கமாகக் கைப்பேசியில் தட்டும் ஆங்கில எழுத்துகளில் எழுதி, நண்பரிடம் தமிழில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். எது எதுவென்று அவர் கேட்டால், எந்தத் தகவல் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடியுங்கள்.