சீசரின் மண்மேடு: ஒரு இடிபாட்டை எப்படிப் படிப்பது?

ரோமுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டது கொலோசியம் போட்டோ. நான் முதலில் காட்டியது வேறு ஒரு போட்டோ. ரூம்மேட் ஜூம் பண்ணிப் பார்த்துட்டுக் கேட்டான்: "என்னடா இது, சைட்ல கொட்டி வச்ச டெப்ரிஸ் மாதிரி இருக்கு?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நேரில் பார்த்தபோது நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். அக்கா இத்தாலியில் முதுகலை படிக்கிறாள். செமஸ்டர் லீவில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு லீவு நாளில் என்னை ரோமன் ஃபோரமுக்குக் கூட்டிட்டுப் போனாள். பள்ளியில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். அந்த சீசரின் நினைவிடம்னா எவ்வளவு பெருசா இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு கற்பனை. அங்கே இருந்தது, ஒரு சின்னக் கூரைக்கு அடியில் கல்லும் காரையும் கலந்த ஒரு மேடு. அதன் மேல் வாடிய ரோஜாக்கள், கொஞ்சம் சில்லறைக் காசு.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"சிவில் படிக்கிறவன் கேட்கிற கேள்வியாடா இது?" என்றாள் அக்கா.

கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது. ஆனா அவ சொன்னது சரி. நாலு வருஷமா நிற்கிற கட்டடத்தைக் கணக்குப் போடத்தான் படிச்சிருக்கேன். நிற்காத கட்டடத்தை எப்படிப் பார்க்கணும்னு யாரும் கேட்டதில்லை, நானும் யோசிச்சதில்லை. அன்றைக்கு அந்த மேட்டின் முன்னால் நின்று கற்றுக்கொண்டதை மூன்று கேள்விகளாக உங்களுக்குத் தருகிறேன்.

கேள்வி 1: ஏன் இந்த இடம்?

முதலில் ஒரு திருத்தம். இதைப் பலர் ‘சீசரின் கல்லறை’ என்று சொல்கிறார்கள். இது கல்லறை இல்லை, அவர் உடல் எரிக்கப்பட்ட இடம். எலும்புகளைக் குடும்பக் கல்லறையில் வைத்ததாக டியோ என்ற பண்டைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

இன்னொரு திருத்தம், என்னை மாதிரி நாடகம் படித்து வளர்ந்தவர்களுக்கு. ஷேக்ஸ்பியர் கொலையைக் கேப்பிட்டலில் நடப்பதாக வைத்தார். உண்மையில் கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் கூடியது பாம்பேயின் மண்டபத்தில். அது ஃபோரமிலேயே இல்லை, நகரின் வேறொரு பகுதியில் இருந்தது.

அப்படின்னா உடல் இங்கே எப்படி வந்தது? இறுதி ஊர்வலத்துக்காக. சிதை அடுக்கப்பட்டிருந்தது இங்கே இல்லை, மார்சியஸ் திடலில், சீசரின் மகள் ஜூலியாவின் சமாதிக்குப் பக்கத்தில். ஃபோரமில் இரங்கல் நிகழ்ச்சி, பிறகு திடலுக்குக் கொண்டுபோய்த் தகனம். திட்டம் அதுதான். ஆனால் சீசரின் உயிலில் ரோம் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டர்ஸ் பணமும், டைபர் ஆற்றுக்கு அப்பால் இருந்த அவருடைய தோட்டங்களும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கூட்டம் கொதித்துப்போனது. பக்கத்தில் இருந்த பெஞ்சுகள், நீதிபதிகளின் மேடைகள் எல்லாவற்றையும் உடைத்துக் குவித்து அங்கேயே தீ வைத்தார்கள். பழைய போர்வீரர்கள் தங்கள் ஆயுதங்களையும், பெண்கள் தங்கள் நகைகளையும் அந்த நெருப்பில் போட்டதாக சூட்டோனியஸ் எழுதுகிறார்.

அதாவது, இந்த சைட்டைத் தேர்ந்தெடுத்தது அரசாங்கம் இல்லை, கூட்டம். நினைவுச்சின்னத்தையும் முதலில் வைத்தது அவர்கள்தான்: நுமீடியப் பளிங்கில் கிட்டத்தட்ட 20 அடி உயரத் தூண், அதில் ‘தேசத்தின் தந்தைக்கு’ என்று பொறிப்பு. சில வாரங்களிலேயே டோலபெல்லா என்ற கான்சல் அதை இடித்துத் தள்ளினார். முதல் நினைவுச்சின்னம் அத்தோட முடிஞ்சது.

கேள்வி 2: கட்டியவருக்கு என்ன லாபம்?

அடுத்து வருகிறார் ஆக்டேவியன். சீசரின் சகோதரியுடைய பேரன். உயில் மூலம் சீசரால் தத்தெடுக்கப்பட்டபோது வயது 18. நம்மில் பாதிப் பேர் முதலாம் ஆண்டு கணக்கு அரியரோடு போராடிக்கொண்டிருந்த வயசு.

கி.மு. 42-இல் சீசர் தெய்வமாக அறிவிக்கப்பட்டார். எரிந்த இடத்தில் கோயில் கட்டவும் முடிவானது. அப்பா தெய்வம் என்றால் மகன் யார்? ‘தெய்வத்தின் மகன்’. லத்தீனில் ‘திவி ஃபிலியஸ்’. ஆக்டேவியன் இதைத் தன் பெயரோடேயே சேர்த்துக்கொண்டார். கி.மு. 36-இல் அவர் வெளியிட்ட வெள்ளிக் காசில் இந்தக் கோயில் இருக்கிறது, முகப்பில் நட்சத்திரத்தோடு. ஆனால் கோயில் திறக்கப்பட்டது கி.மு. 29 ஆகஸ்ட் 18-இல்தான். ஃபிளாட் கட்டி முடிக்கும் முன்பே பளபளப்பான பிரோஷர் அடிக்கிற பழக்கம் அப்பவே இருந்திருக்கு!

திறந்தபோது கோயில் மேடையின் முன்பக்கத்தில், ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி, கிளியோபாட்ரா படையிடமிருந்து பிடித்த கப்பல்களின் அலகுகளைப் பதித்தார்கள். யோசித்துப் பாருங்க. சீசருக்காக அழுது பேசி அந்தக் கூட்டத்தைக் கொதிக்க வைத்தவரே ஆண்டனிதான். கடைசியில் அவரைத் தோற்கடித்த அடையாளம் சீசரின் கோயிலிலேயே தொங்கியது. கோயில் சீசருக்கு, செய்தி ஆக்டேவியனைப் பற்றி.

அந்தச் செய்தி எவ்வளவு தூரம் போச்சு தெரியுமா? நம்ம கொங்குப் பகுதி வரைக்கும். ஆக்டேவியன் பின்னாளில் அகஸ்டஸ் ஆனார். கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் அகஸ்டஸின் வெள்ளிக் காசுகள் நிறைய. அவற்றில் தலையைச் சுற்றி இருக்கும் எழுத்துகளில் ‘திவி எஃப்’ என்பதும் உண்டு. ‘திவி ஃபிலியஸ்’ என்பதன் சுருக்கம். மிளகு வாங்க வந்த காசில் அந்தப் பட்டப்பெயரும் கூடவே வந்திருக்கிறது.

கேள்வி 3: எது போச்சு, எது நின்னுச்சு?

இது நம்ம ஏரியா. கோயிலின் முகப்பில் ஆறு தூண்கள். தூணுக்குத் தூண் இடைவெளி தூணின் விட்டத்தில் ஒன்றரை மடங்குதான். நெருக்கமான தூண் வரிசைக்கு உதாரணமாக விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலில் இந்தக் கோயிலைத்தான் காட்டுகிறார். கூடவே ஒரு புகாரும்: இவ்வளவு நெருக்கமாக வைத்தால் வழிபட வரும் பெண்கள் கைகோத்துப் போக முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகணும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய யூசர் ஃபீட்பேக்!

அந்தத் தூண்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. சுமை தாங்காமல் விழுந்ததா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அங்கே நின்று உங்கள் இடப்பக்கம் திரும்பினால் பதில் தெரியும். அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயிலின் தூண்கள், சுமார் 17 மீட்டர் உயரம், இன்னும் நிற்கின்றன. காரணம், அந்தக் கோயில் பின்னாளில் தேவாலயமாக மாறியது. உள்ளே ஆள் நடமாட்டம் இருந்தது, ஒழுகினால் சரிசெய்ய ஒருத்தர் இருந்தார். சீசர் கோயிலுக்கு அப்படி யாரும் வரவில்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய தெய்வங்களின் வழிபாடு தடை செய்யப்பட்டது. அதன் பிறகு ஃபோரம் ஒரு கல் குவாரி ஆனது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் போட்டு எரித்தால் சுண்ணாம்பு. சிலைகளும் தூண்களும் அப்படியே சூளைக்குப் போயின. 16ஆம் நூற்றாண்டில் புனித பேதுரு பேராலய வேலைக்காகவும் ஃபோரமிலிருந்து பளிங்கை அள்ளினார்கள்.

அள்ளிக்கொண்டு போக முடியாதது, போனாலும் விலை போகாதது ஒன்றுதான்: உள்ளே நிரப்பியிருந்த கான்கிரீட். சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், உடைத்த கல். கம்பி கிடையாது, அதனால் துருவும் கிடையாது. அந்தச் சாம்பலுக்குப் பெயர் பொசோலானா, நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் பொசுவோலி ஊரின் பெயரால் வந்தது. அடுத்த முறை சைட்டுக்குப் போகும்போது சிமென்ட் மூட்டையைப் பாருங்க. ‘போர்ட்லாந்து பொசோலானா சிமென்ட்’ என்று இருந்தால், அது அதே பெயர்தான்.

இப்போது அந்த மேட்டுக்குத் திரும்புவோம். ஆக்டேவியனின் ஆட்கள் கோயில் மேடையின் முன்பக்கத்தில் அரைவட்டமாக ஒரு குழிவு விட்டு, அதற்குள் வட்டமான ஒரு பலிபீடத்தை வைத்தார்கள். மக்கள் சீசரை எரித்த இடத்தின் அடையாளம் அது. நான் டெப்ரிஸ் என்று நினைத்தது அந்தப் பலிபீடத்தின் உள்கூடு. வாரிசு தனக்காகச் சேர்த்த பளிங்கு, தூண், கப்பல் அலகு எல்லாம் போய்விட்டன. கூட்டம் தேர்ந்தெடுத்த அந்தச் சின்ன வட்டம் இன்னும் மிச்சம். பூ வைக்கிறவர்களும் அங்கேதான் வைக்கிறார்கள். மார்ச் 15 வந்தால் அந்த மேடு பூவால் நிறைந்துவிடும்.

நான் சீசர் ரசிகன் ஆகிவிடவில்லை. கால் பகுதியில் அவர் படை கொன்றவர்களையும் அடிமையாக்கியவர்களையும் நினைத்தால் அந்தப் பூக்களைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் ஒரு கட்டடத்தின் ஆயுளைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கில் ஒரு டெர்ம் விடுபட்டிருந்தது எனக்கு அங்கேதான் புரிந்தது. சுமை, காற்று, நிலநடுக்கம் எல்லாம் போட்டிருந்தேன். நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியைப் போடவே இல்லை. இப்போ எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் ஒரு சமுதாயக் கூடத்துக்கான டிசைன். ரிப்போர்ட்டில் பராமரிப்பு பற்றி இரண்டே வரி எழுதியிருந்தோம். திரும்பி வந்ததும் அதை முழு அத்தியாயமாக மாற்றச் சொல்லி டீமோடு சண்டை போட்டேன். கடைசியில் எழுதுகிற வேலை என் தலையிலேயே விழுந்தது. பரவாயில்லை.

கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "இப்போ சொல்லு, இவ்வளவுதானா?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம்க்கா" என்றேன்.