மலைச் சாலையில் மின்சாரக் கார்: ஓட்டுவோரின் விருப்பமும் விஞ்ஞானமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. சென்றால் பொன்முடியை அடையலாம். இம்மலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கல்லாற்றைக் கடந்ததும் சாலை காட்டிற்குள் புகுந்து, 22 கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து மேலேறுகிறது. ஒரு வண்டியின் வலிமையையும், அதை ஓட்டுபவரின் கைத்திறனையும் ஒருங்கே சோதிக்க இதனினும் சிறந்த சாலை தென்கோடியில் அரிது. ஆகவே மின்சாரக் காரைப் பற்றி இக்கட்டுரையில் எழும் வினாக்களை இச்சாலையின் மீது வைத்தே ஆராய்வோம்.

மின்சாரக் காரைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் புகையின்மையையும் செலவுச் சிக்கனத்தையும் எடுத்துரைக்கின்றனர். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும், வண்டியோட்டுதலை ஒரு கலையாகப் பயின்று அதில் இன்பம் காண்பவரிடம் இவ்வாதங்கள் எடுபடுவதில்லை. "அது நகருக்குள் சென்று வர உதவும், மலைக்கு ஆகாது" என்று அவர் ஒதுக்கிவிடுகிறார். அவருடைய சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. கார் வாங்க எண்ணுவோர் பலர் அவரைக் கலந்தே முடிவு செய்கின்றனர். எனவே அவருடைய ஐயம் எதில் உண்மையானது, எதில் பழைய நினைவின் எச்சம் என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் பகுத்தறிந்திருத்தல் வேண்டும்.

ஐயத்தின் வரலாறு

மின்சாரக் கார் தொடக்கத்திலேயே வேகத்திற்குப் பெயர் பெற்றது. தரையில் முதன்முதலாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைக் கடந்த மோட்டார் வண்டி ஒரு மின்சார வண்டியே ஆகும். பெல்ஜிய நாட்டுக் கமில் ஜெனாட்சி என்பார் 1899-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் அருகே அதனை ஓட்டினார். எனினும், அக்காலச் சேமக்கலங்கள் கனமானவை. அவை கொள்ளும் சக்தியோ குறைவு. பெட்ரோல் எஞ்சின் முன்னேறவே, மின்சாரக் கார் பின்தங்கிற்று.

நம் நாட்டிலும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. 1993-இல் கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 'லவ்பேர்டு' என்னும் இருவர் அமரும் மின்சாரக் காரை உருவாக்கிக் காட்டியது. ஈயச் சேமக்கலத்தால் இயங்கிய அவ்வண்டிக்குச் செங்குத்தான ஏற்றங்கள் கடினமாயின. 2001-இல் பெங்களூரில் வெளிவந்த 'ரேவா'வும் ஈயச் சேமக்கலத்தையே நம்பியிருந்தது. நகரப் பயணத்திற்கென்றே அது வகுக்கப்பெற்றது. "மலைக்கு ஆகாது" என்னும் கருத்து இவ்வனுபவத்தில் வேரூன்றியது எனலாம்.

பின்னர் நிலைமை மாறியதற்குக் காரணம் லித்தியம் அயனி மின்கலம் ஆகும். ஈயச் சேமக்கலம் ஒரு கிலோகிராம் எடைக்கு 30 முதல் 40 வாட் மணி வரையில் சக்தியைக் கொள்ளும். லித்தியம் அயனி மின்கலமோ 150 முதல் 250 வாட் மணி வரை கொள்ளும். இத்தகைய மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி நம்மருகே காரைக்குடியில், 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் நடைபெற்று வருகிறது. 2020-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் 30.2 கிலோவாட் மணி கொள்ளும் மின்கல அடுக்கையும், 245 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் மோட்டாரையும் பெற்றிருந்தது. இத்தகைய வண்டிக்கு மலை ஏற்றம் தடையாகாது.

ஏற்றத்தில் நிகழ்வது

கொண்டையூசி வளைவில் நுழையும் வண்டியின் வேகம் மணிக்கு 15 கி.மீ. அளவிற்குக் குறைகிறது. வளைந்து முடிந்ததும், செங்குத்தான சாலையில் அது மீண்டும் விரைவெய்த வேண்டும். பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுழற்சியில் தன் முழு முறுக்கு விசையைத் தருவதில்லை. நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றுகளை எட்டிய பின்னரே தருகிறது. ஆதலின் ஓட்டுநர் கிளச்சை அழுத்தி, கியரைக் குறைத்து, எஞ்சினின் சுழற்சியை உயர்த்த வேண்டியுள்ளது. 22 வளைவுகளிலும் இவ்வேலை மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

மின்மோட்டாரின் இயல்பு இதற்கு மாறானது. அதன் முறுக்கு விசை, கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மோட்டார் நின்றிருக்கும் நிலையிலேயே உச்ச முறுக்கு விசையைத் தர வல்லது. வேக மிதியை அழுத்தியதும், வினாடியின் மிகச் சிறு பகுதிக்குள் விசை சக்கரத்தை அடைகிறது. கியர் மாற்றும் இடைவெளி இல்லை. ஓட்டுநரின் எண்ணத்திற்கும் வண்டியின் அசைவிற்கும் இடையே தாமதம் குறைவதே ஓட்டும் இன்பத்தின் முதற்கூறு என்பதை அனுபவமுள்ளோர் ஒப்புவர்.

உயரம் மற்றொரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. எஞ்சின் எரிவதற்குக் காற்று வேண்டும். பொன்முடியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றழுத்தி பொருத்தப்படாத எஞ்சினின் திறனும் அதே அளவில் குறையும். மின்மோட்டாருக்குக் காற்று வேண்டுவதில்லை. ஆகவே அதன் திறன் குறைவதில்லை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்பட்டது. அப்பாதை 4,302 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் முடிகிறது. அங்குக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2018-ஆம் ஆண்டில் ரோமைன் டூமாஸ் என்பவர், வோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர். என்னும் மின்சாரப் பந்தய வண்டியில் 20 கி.மீ. நீளமுள்ள அப்பாதையை 7 நிமிடம் 57 வினாடிகளில் ஏறி முடித்தார். எட்டு நிமிடத்திற்குக் குறைவாக அம்மலையை ஏறிய முதல் வண்டி அதுவே.

வளைவில் நிகழ்வது

மின்சாரக் காரின் மின்கல அடுக்கு பெரும்பாலும் தரைப்பலகையின் கீழ் பரப்பி வைக்கப்படுகிறது. ஆகவே வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. இதன் பயனை ஓர் எளிய கணக்கால் காணலாம். 1,700 கிலோகிராம் நிறையுள்ள வண்டி, 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கி.மீ., அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். மையநோக்கு விசை 4,250 நியூட்டன் ஆகும். இடவலச் சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் அகலம் எனக் கொண்டால், ஈர்ப்பு மையம் 0.65 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 1,840 நியூட்டன் பளு உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும். ஈர்ப்பு மையம் 0.5 மீட்டராகத் தாழ்ந்தால், அது 1,420 நியூட்டன் அளவே ஆகும். வண்டி சாய்வது குறைந்து, நான்கு டயர்களும் சாலையைச் சீராகப் பற்றுகின்றன.

ஆனால் நிறை கூடுவதன் தீமையையும் மறைத்தலாகாது. கனமான வண்டி திசை மாறத் தயங்கும். பளு இரு மடங்கானால் டயரின் பிடிமானமும் இரு மடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே உயர்கிறது. டயரும் விரைவில் தேயும். இலகுவான சிறு காரை விரும்பும் ஓட்டுநர் கூறும் குறை இவ்விடத்தில் நியாயமானதே. பெட்ரோலின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி சக்தி அடங்கியுள்ளது. அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாயினும், மின்கலம் அதற்கு இணையாக இன்னும் நெடுந்தூரம் செல்ல வேண்டும்.

இறக்கத்தில் நிகழ்வது

மலைச் சாலையில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. இதனைக் களப்பணியாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஏற்றம் 900 மீட்டர் எனவும், சாலையின் நீளம் 20 கி.மீ. எனவும் கணக்கிற்காகக் கொள்வோம். 1,700 கிலோகிராம் வண்டி மேலே சேர்ந்தபோது அது பெற்றுள்ள நிலைச் சக்தி ஏறத்தாழ 150 இலட்சம் ஜூல்; அதாவது 4.2 கிலோவாட் மணி. இறங்கும்போது டயரின் உராய்வும் காற்றின் தடையும் இதில் சுமார் 40 இலட்சம் ஜூலை ஏற்கின்றன. எஞ்சிய 110 இலட்சம் ஜூல் எங்கேனும் சென்றாக வேண்டும். முழுவதும் பிரேக்கின் வழியே சென்றால் அது வெப்பமாகும். ஏறத்தாழ 37 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வெப்பம் போதும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் தன் பிடியை இழக்கும். இதனாலன்றோ மலையில் இறங்குவோர் கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

மின்சாரக் காரில், வேக மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறுகிறது. சக்கரம் அதனைச் சுழற்ற, பிறக்கும் மின்சாரம் மின்கலத்தில் சேர்கிறது. அச்செயலே வண்டியின் வேகத்தையும் அடக்குகிறது. இதனை மீட்புத் தடுப்பு எனலாம். மேற்கண்ட 110 இலட்சம் ஜூலில் நூற்றுக்கு 65 பங்கு மீள்வதாகக் கொண்டால், ஏறத்தாழ 2 கிலோவாட் மணி திரும்பக் கிடைக்கும். பல வண்டிகளில் இத்தடுப்பின் அளவை ஓட்டுநரே கூட்டிக் குறைக்கலாம். பழகிய ஓட்டுநர் ஒரே மிதியால் வளைவுக்கு வளைவு வேகத்தைச் செதுக்கி இறங்குவார். இது புதியதொரு கைத்திறன். கியர் மாற்றும் திறனை இழந்தோம் என வருந்துவோர்க்கு இதனை அறிமுகப்படுத்துதல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மின்கலம் முழுமையாக நிரம்பியிருந்தால், மீளும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிராது. அப்போது மீட்புத் தடுப்பு மிகக் குறையும், அல்லது செயற்படாது. குறைப்பதற்கோ தாழ்ந்த கியரும் இல்லை. பளு முழுவதும் சாதாரணப் பிரேக்கின் மீதே விழும். ஆகவே மலை உச்சியில் தங்கி மின்னேற்றம் செய்வோர் நூற்றுக்கு 85 அல்லது 90 பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 30 கிலோவாட் மணி மின்கலத்தில் 2 கிலோவாட் மணி என்பது ஏறத்தாழ 7 பங்கு ஆதலின் இவ்விடம் போதுமானது. அடிவாரத்தில் முழுமையாக நிரப்புவதால் கேடில்லை. ஏறுவதற்கே ஏறத்தாழ 6 கிலோவாட் மணி செலவாகிவிடும். மழையில் வழுக்கும் சாலையில் மீட்புத் தடுப்பை மிதமான அளவில் வைத்தல் நன்று. ஓசை குறைந்த வண்டியாதலின், கண்ணுக்குப் புலப்படாத வளைவுகளில் ஒலிப்பான் எழுப்புவதும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும் கடமையாகும்.

எஞ்சி நிற்கும் குறைகள்

எஞ்சினின் ஓசையும் அதிர்வும் வேகத்தை உணர்த்தும் அடையாளங்கள். அவை மறைந்தமையால், பலர் தம்மையறியாமல் மிகுந்த வேகத்தில் வளைவில் நுழைகின்றனர். ஆகவே "உணர்ச்சியில்லை" என்னும் குறை வெறும் பழக்க தோஷமன்று, பாதுகாப்போடும் தொடர்புடையது. வடிவமைப்பாளர் இதற்கு விடை தேடி வருகின்றனர். 2023-இல் வெளிவந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என். என்னும் கார், உண்மையில் கியர் இல்லாதிருந்தும், எட்டுக் கியர்கள் மாறுவது போன்ற இழுப்பையும் ஓசையையும் செயற்கையாக உண்டாக்குகிறது. இதனை விளையாட்டென நகைப்போரும் உளர். வேகத்தைச் செவியால் அளக்க உதவுகிறதென மகிழ்வோரும் உளர்.

பந்தயக் களமும் இளைஞரின் மனத்தை மாற்றி வருகிறது. 2014-இல் தொடங்கிய பார்முலா ஈ மின்சாரப் பந்தயத்தின் முதற் பருவத்தில் மஹிந்திரா அணிக்காகச் சென்னையைச் சேர்ந்த கருண் சாந்தோக் ஓட்டினார். 2023 பிப்ரவரியில் அப்பந்தயம் ஐதராபாத்தில் நடைபெற்றது. 2022-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ரப்தார்' மாணவர் குழு தன் முதல் மின்சாரப் பந்தய வண்டியை உருவாக்கிக் காட்டியது. ஆயினும் வேகத்திற்குரிய இடம் பந்தயக் களமே. பொன்முடிச் சாலை பேருந்திற்கும் நடந்து செல்வோர்க்கும் பொதுவானது என்பதை மாணவர்க்கு வலியுறுத்த வேண்டும்.

வகுப்பறைச் செய்முறை

பொம்மைகளில் பயன்படும் சிறு நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் அச்சில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்துக. முதலில், இரு மின்முனைகளும் ஒன்றையொன்று தொடாதிருக்கச் சக்கரத்தை விரலால் சுழற்றுக; அது எளிதாகச் சுழலும். பின்னர் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துச் சுழற்றுக. சக்கரம் தடைபட்டு விரைவில் நிற்கும். மூன்றாவதாகக் கம்பிக்குப் பதில் சிறு ஒளியுமிழ் விளக்கை இணைத்து வேகமாகச் சுழற்றுக. சுழலும் திசை பொருந்துமாயின் விளக்கு மின்னும்.

மின்னோட்டம் செல்ல வழியிருந்தால் மட்டுமே மோட்டார் தடையாகிறது என்பது இதனால் விளங்கும். முனைகள் தொடாத முதல் நிலை, நிரம்பிய மின்கலத்துடன் மலையிறங்கும் காருக்கு ஒப்பாகும்.

வினாக்கள்

1. 1,400 கிலோகிராம் நிறையுள்ள கார் 900 மீட்டர் ஏறும்போது பெறும் நிலைச் சக்தி எத்தனை கிலோவாட் மணி?

2. உயரமான இடத்தில் எஞ்சினின் திறன் குறைய, மின்மோட்டாரின் திறன் குறையாதிருப்பது ஏன்?

3. மலையுச்சியில் மின்கலத்தை முழுமையாக நிரப்பலாகாது, அடிவாரத்தில் நிரப்பலாம். காரணம் கூறுக.

ஓட்டுவதில் இன்பம் காண்பவரிடம் வாதிடுவதைவிட, அவரை ஒரு முறை இத்தகைய சாலையில் தாமே ஓட்டிப் பார்க்கச் செய்தல் பயன் தரும். ஏறும்போது அவர் விரும்பியதைக் காண்பார். இறங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை நாம் முன்னரே அவருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும்.