இங்கிலீஷ் வந்தால்தான் ஜெர்மன் வருமா?

“இங்கிலீஷே தடுமாறுது, இதுல ஜெர்மன் எங்க வரப்போகுது?”

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம், தாமல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நர்சிங் முடித்த பெண்ணின் அம்மா கேட்கிறார். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பையனின் மாமா கேட்கிறார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். யாரோ சொன்னதை நம்புகிறார்கள். எரிச்சல் வருவது, விஷயம் தெரிந்தவர்களே இதைப் பரப்பும்போதுதான். “முதல்ல ஒரு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் போகட்டும், அப்புறம் ஜெர்மன் பார்த்துக்கலாம்” என்று ஆலோசனை வேறு. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளை அந்த ஒரு வருடத்தையும் அப்பாவின் பணத்தையும் அங்கே தொலைத்துவிட்டு, ஜெர்மன் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் போய்விடுகிறது.

இந்த நம்பிக்கை உண்மைக்கு நேர்த் தலைகீழானது. ஜெர்மன் இலக்கணத்தில் தொடக்கநிலை மாணவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் எது என்று எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேளுங்கள். வேற்றுமை என்பார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏறக்குறைய உதிர்ந்தே போய்விட்டது. யார் கடித்தது, யாரைக் கடித்தது என்பதை அங்கே சொல் நிற்கும் வரிசைதான் சொல்லும். ஜெர்மனில் அப்படியில்லை. ‘டேன் மான் பைஸ்ட் டேர் ஹுன்ட்’ என்று ஒரு வாக்கியம். மான் என்றால் மனிதன், ஹுன்ட் என்றால் நாய், பைஸ்ட் என்றால் கடிக்கிறது. ஆங்கிலப் பழக்கத்தில் ஊறிய மாணவர் உடனே, மனிதன் நாயைக் கடிக்கிறான் என்று எழுதிவைப்பார். முதலில் நிற்பது எழுவாய் என்பது அவருக்குப் பழகிய கணக்கு. உண்மையில் ‘டேன்’ என்பது இரண்டாம் வேற்றுமையின் அடையாளம். மனிதனைக் கடிக்கிறது நாய். அவ்வளவுதான் வாக்கியம். இதைத் தமிழில் இப்படியே மாற்றிப்போட்டுச் சொன்னாலும் நமக்கு யார் கடிபட்டது என்பதில் குழப்பம் வருமா? ‘ஐ’ இருக்கிற இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பிள்ளைக்கு, ‘டேன்’ இருக்கிற இடத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வகுப்பில், பெயருக்கு முன்னால் வரும் சுட்டுகளின் அட்டவணை ஒன்றைக் காட்டி மிரட்டுவார்கள். ஆண்பால், பெண்பால், பொதுப்பால், பன்மை என்று நான்கு, வேற்றுமை நான்கு, ஆக 16 கட்டம். அந்த 16 கட்டத்திலும் சுற்றிச் சுற்றி வருவது டேர், டீ, டாஸ், டேன், டேம், டெஸ் என்ற ஆறே சொற்கள். இரண்டாம் வேற்றுமையில் மாறுவது ஆண்பால் ஒன்று மட்டும். மற்ற மூன்றும் எழுவாயில் இருந்தபடியே இருக்கும். ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று எட்டு வேற்றுமையை ஒப்பித்துவிட்டு வந்த பிள்ளையை நான்கு வேற்றுமையைக் காட்டிப் பயமுறுத்துவது என்ன நியாயம்?

இன்னும் கேளுங்கள். நான் ஒவ்வொரு புதிய வகுப்பிலும் சொல்வது ‘எனக்கு’ என்ற சொல்லைப் பற்றித்தான். எனக்குத் தலை வலிக்கிறது என்கிறோம். ஆங்கிலத்தில் தலைவலியை ‘நான் வைத்திருக்கிறேன்’. ஜெர்மனில், ‘மீர் டூட் டேர் கொப்ஃப் வே’. மீர் என்றால் எனக்கு, கொப்ஃப் என்றால் தலை. தலை வலிக்கிறது, எனக்கு வலிக்கிறது. நம் வீட்டுப் பேச்சேதான். எனக்குக் குளிருது என்பதற்கு ‘மீர் இஸ்ட் கால்ட்’. ஆங்கிலத்திலிருந்து நேராகப் பெயர்க்கிறவர் ‘இஷ் பின் கால்ட்’ என்பார். அது குளிரைச் சொல்லாது. நான் ஈரமில்லாத ஆள் என்று தன்னையே திட்டிக்கொள்வது போல ஆகிவிடும். எனக்குப் பிடிச்சிருக்கு, எனக்கு ருசிக்குது, இது எனக்குச் சொந்தம், உங்களுக்கு உதவுகிறேன், உங்களுக்கு நன்றி சொல்கிறேன் என்று நாம் நான்காம் வேற்றுமை போடும் இடங்களில் ஜெர்மனும் நான்காம் வேற்றுமையைத்தான் போடுகிறது. ஜெர்மன் பாடநூல்கள் இந்த வினைகளைத் தனிப்பட்டியலாகப் போட்டு, விதிவிலக்கு, மனப்பாடம் செய்யுங்கள் என்கின்றன. யாருக்கு விதிவிலக்கு? ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு.

ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யப் போகும் பெண் முதல் நாளிலிருந்தே கேட்கப்போவது வலிக்கிறது, குளிருகிறது, தலை சுற்றுகிறது என்பதைத்தான். அத்தனையும் ‘எனக்கு’ வாக்கியம்.

எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அம்மாவுக்குப் போன் பண்ணு’ என்கிறோம். ஜெர்மனில் ‘அம்மாவை’ என்று இரண்டாம் வேற்றுமை வரும். அவனைப் பின்தொடர்ந்தேன் என்பது அங்கே ‘அவனுக்கு’ ஆகிவிடும். நம் பிள்ளைகள் போன் விஷயத்தில் தவறாமல் தப்புச் செய்வார்கள். பரவாயில்லை. வேற்றுமை என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் செய்யும் தப்புக்கும், எந்த வேற்றுமை என்று யோசித்துச் செய்யும் தப்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவதைத் திருத்த ஒரு வாரம் போதும்.

வினைச்சொல் கதையும் இதேதான். ‘வைல் இஷ் ஹொய்ட அர்பைடன் முஸ்’ என்ற துணை வாக்கியத்தை அப்படியே சொல்லுக்குச் சொல் அடுக்குங்கள்: ஏனென்றால், நான், இன்று, வேலைசெய்ய, வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? வினை கடைசியில் வருவது உலகமகா விந்தை என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் பக்கம் பக்கமாக வியக்கின்றன. அந்த வியப்பை நாமும் கடன் வாங்கி மிரண்டுபோகிறோம். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் நமக்குப் புதிது. அதிலும் ஆங்கிலம் பழகியவர் சறுக்குவார்: ‘இன்று நான் போகிறேன்’ என்ற வரிசையிலேயே எழுதிவிடுவார். ‘இன்று போகிறேன் நான்’ என்பதே ஜெர்மன் வரிசை. நான், நீ, அவர் என்று ஆளுக்கேற்ப வினையின் ஈறு மாறும் என்றால் ஆங்கிலக்காரர் நெளிவார். போகிறேன், போகிறாய், போகிறார் என்று பேசி வளர்ந்தவருக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. பெரியவர்களை ‘ஸீ’ என்றும் நெருங்கியவர்களை ‘டூ’ என்றும் விளிக்க வேண்டும். நீங்கள், நீ. விளக்கம் முடிந்தது.

ஆங்கிலத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்து ஏறக்குறைய அதே எழுத்து. கை, விரல், தண்ணீர், புத்தகம் போன்ற சொற்கள் இரண்டிலும் சாயலாக இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே கிளையில் பிறந்த மொழிகள். பெயருக்கு முன்னால் சுட்டு வைக்கும் பழக்கமும் ஆங்கிலம் தெரிந்தால் சீக்கிரம் வரும். ஆனால் இவையெல்லாம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்திலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு ஒரு வருடத்துக்குக் கட்டணம் எதற்கு?

நிஜமான சிக்கல் பால். அங்கே தமிழும் கைவிடும், ஆங்கிலமும் கைவிடும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி பொதுப்பால். ஏன்? காரணம் கிடையாது, மனப்பாடம்தான். மார்க் ட்வைன் 1880-இல் ஜெர்மனைக் கிண்டலடித்து எழுதிய நீண்ட கட்டுரையில், கிழங்குக்குப் பெண்பால் இருக்கிறது, இளம்பெண்ணுக்கு இல்லையே என்று அலுத்துக்கொண்டார். அந்தக் கிண்டலைப் பிடித்துக்கொண்டு, பாலுக்கு விதியே இல்லை என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. தவறு. ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிபவை பெண்பால். ‘ஷென்’, ‘லைன்’ என்று முடியும் குறுமைப் பெயர்கள் எல்லாம் பொதுப்பால். ட்வைன் அலுத்துக்கொண்ட இளம்பெண் அந்தக் கணக்கில்தான் வருகிறாள். கிழமை, மாதம், பருவம் எல்லாம் ஆண்பால். மிச்சத்துக்கு ஒரே வழி, சொல்லைத் தனியாகப் படிக்காமல் சுட்டோடு சேர்த்துப் படிப்பது. நோட்டுப் புத்தகத்தில் சுட்டு இல்லாமல் சொல் எழுதும் மாணவரை நான் திட்டாமல் விடுவதில்லை.

அடுத்தது, ஜெர்மன் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்ற கதை. ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், ஒரு உபநிடதச் சொல்லின் பொருளுக்காக ஆசிரியரோடு முரண்பட்டதும் திருப்புட்குழியில்தான் என்பது வைணவ மரபு. அப்படிப்பட்ட ஊரில் சமஸ்கிருதப் பெருமை காதில் விழாமல் இருக்காது. பெருமை இருக்கட்டும், பிறப்புக் கதை பொய். 1786-இல் கல்கத்தாவில் பேசிய வில்லியம் ஜோன்ஸ் சொன்னதே, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றுதான்; ஜெர்மன் சார்ந்த கிளையையும் அதனோடு சேர்த்தார். தாய் மகள் உறவு அல்ல, தூரத்துப் பங்காளி. சூரியன் சமஸ்கிருதத்தில் ஆண்பால், ஜெர்மனில் பெண்பால். சமஸ்கிருதத்தை வைத்துக்கொண்டு ஜெர்மன் தேர்வு எழுதினால் மதிப்பெண் வராது. கூடவே ஒன்று: ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிறுவனத்துக்கு இங்கே மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர் இருப்பதால், சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு வந்து வாழ்ந்தார் என்று நினைக்கிறார்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

ஜெர்மன் சொற்கள் ரயில் நீளம் என்று பயப்படுகிறவர்களுக்கு: மாட்டிறைச்சிக்கு அடையாளச்சீட்டு ஒட்டுவதைக் கண்காணிப்பது பற்றிய ஒரு மாநிலச் சட்டத்துக்கு 63 எழுத்தில் ஒரே சொல்லாகப் பெயர் இருந்தது. 2013-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டுவிட்டது. அன்றாடச் சொல் எல்லாம் நோயாளிவீடு என்றால் ஆஸ்பத்திரி, கைச்செருப்பு என்றால் கையுறை என்கிற வகை. கடைசிச் சொல்தான் தலைமை. தொகைச்சொல் படித்தவருக்கு இதில் புதிது ஒன்றுமில்லை.

மூன்று மாதத்தில் பி-2 என்ற மொழித்திறன் நிலையை எட்டலாம் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். பி-2 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவை என்பது கோதே நிறுவனத்தின் கணக்கு. குறைந்தபட்சமே 450 மணி நேரம். ஞாயிறு உட்பட தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் வகுப்பு முடியும். பாடம் மண்டையில் ஏறியிருக்குமா என்பது வேறு. ஜெர்மனியில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் பாட்டி உங்களிடம் ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கமாட்டார். நர்சுகளுக்குப் பொதுவாக பி-2 கேட்பது சும்மா அல்ல.

2024-இல் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்ததிலிருந்து காஞ்சிபுரம் பக்கமெல்லாம் ஜெர்மன் வகுப்பு முளைக்கிறது. விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில். ‘நாமினேட்டிவ், அக்குசேட்டிவ், டேட்டிவ்’ என்று கரும்பலகையில் எழுதுவார்கள். எழுவாய், இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று மூன்று சொல்லைச் சேர்த்துச் சொல்ல ஆசிரியருக்கு வாய் வலிக்கிறது. சொன்னால் வகுப்பின் மதிப்புக் குறைந்துவிடுமாம்!

தமிழ் கற்ற ஜெர்மன் பாதிரியார்களைப் பாருங்கள். சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கண நூல் அச்சானது. எழுதியது லத்தீனில். அவருடைய ஐரோப்பிய வாசகர் பள்ளியில் படித்த இலக்கணம் லத்தீன் இலக்கணம், அதனால் நம் வேற்றுமையை அவர்களுக்குத் தெரிந்த வேற்றுமையைக் கொண்டு விளக்கினார். கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இலக்கணத்தின் வழியாக நம் மொழிக்கு வந்தார்கள். நம் பிள்ளை மட்டும் தெரிந்த இலக்கணத்தை விட்டுவிட்டு வேறொரு மொழியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது எந்த ஊர் முறை?

தமிழ் இலக்கணத்தைக் கொண்டு ஜெர்மன் இலக்கணத்தைச் சொல்லும் நல்ல தொடக்கநூல் ஒன்று வேண்டும். பாடநூல் கழகம் செய்யலாம். கல்லூரி ஜெர்மன் துறைகள் செய்யலாம். அரசுப் பள்ளிகளில் வேற்றுமையை ஒப்பிக்க வைத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜெர்மன் தெரிந்த ஒருவர் அவர்களோடு ஒரு கோடை விடுமுறை உட்கார்ந்தால் முதல் நிலைக்கான நூல் தயாராகிவிடும். நான் உட்காரத் தயார்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால், ‘மீர்’ என்றால் ‘எனக்கு’, அது நான்காம் வேற்றுமை என்று என் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேளுங்கள். “முதல்ல இங்கிலீஷ் வரட்டும்” என்று பதில் வந்தால் ரசீது போட விடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.